வினவப்பெறாத நாடு: இரண்டாம் உலகப் போருக்குள் இந்தியா இழுக்கப்பட்ட வரலாறும் பம்பாய் - குர்லா நிலப்பகுதியும்

முன்னுரை

போர் இருவருக்கிடையே தொடங்குகிறது, பலரிடையே முடிகிறது. தொடக்கத்தில் பகை கொண்ட இரு நாடுகளைத் தவிர ஏனைய நாடுகள் எவ்வாறு போருக்குள் வந்து சேர்ந்தன என்பது உலக வரலாற்றில் பலமுறை ஆராயப்பட்ட வினாவாகும். அவ்வாராய்ச்சிகளில் பெரும்பாலானவை தாமே முடிவெடுக்கும் உரிமை பெற்றிருந்த அரசுகளையே பேசுகின்றன. முடிவெடுக்கும் உரிமை இல்லாத ஒரு நாடு போருக்குள் வந்த முறை அவற்றில் போதிய இடம் பெறவில்லை.

1939ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் இந்தியா இரண்டாம் உலகப் போரில் ஈடுபட்டுள்ளதாக அரசப் பிரதிநிதி லின்லித்கோ அறிவித்தார். மத்தியச் சட்டமன்றத்தையோ, மாகாணங்களில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு ஆட்சி நடத்திய அமைச்சரவைகளையோ, நாட்டின் தலைவர்களையோ அவர் கலந்துகொள்ளவில்லை. அந்த அறிவிப்புக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றைப் பம்பாய் நகரையும், அதன் வடகிழக்கு வாயிலாக அமைந்த குர்லாப் பகுதியையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறத்திணை மரபில் கூட்டுப் போர்

தமிழ் மரபு போரை வரிசைமுறையில் வைத்து நோக்கியுள்ளது. ஆநிரை கவர்தலாகிய வெட்சி, மண்ணாசையால் மேற்செல்லும் வஞ்சி, அரண் முற்றும் உழிஞை, களத்தில் நேர்நின்று பொரும் தும்பை எனத் தொல்காப்பியர் வகுக்கும் திணைகள் போர் படிப்படியாக வளரும் இயல்பைக் காட்டுகின்றன. ஆயின் இவ்வகைப்பாடு பெரிதும் இருதரப்புப் போரையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. வேறொருவர் பகையில் மூன்றாமவர் வந்து சேரும் நிலைக்கு அங்குத் தனித்திணை இல்லை.

இலக்கியம் காட்டும் போர்க்களங்களோ வேறு வகையின. கரிகாலன் வெண்ணிப் போரில் சேரனையும் பாண்டியனையும் மட்டுமன்றிப் பதினொரு வேளிரையும் வென்றான். தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் எதிர்கொண்டது சேரன், சோழன் ஆகிய இருவருடன் ஐம்பெரு வேளிரையும் சேர்த்து எழுவரை. வேந்தர்தம் பகையில் குறுநில மன்னர்கள் பங்கேற்றமைக்கு இவை சான்றாகும். வேளிர் விரும்பிச் சென்றனரா, செல்லாதிருக்க இயலாமையால் சென்றனரா என்னும் வினாவைப் பாடல்கள் எழுப்புவதில்லை. அவ்வேளிரின் கீழ் வாழ்ந்த குடிகளின் விருப்பம் அங்குப் பேசப்படவே இல்லை. மறுபுறம், அதியமானுக்காக ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தி, போர் நேராமல் காக்கச் சொல்லுக்கு இடமுண்டு என்னும் எண்ணமும் அக்காலத்தில் இருந்தமையைப் புலப்படுத்துகிறது. எழுப்பப்படாத அந்தக் குடிகளின் வினாவே இருபதாம் நூற்றாண்டில் அரசியல் வினாவாக உருப்பெற்றது.

நாடுகள் போருக்குள் வரும் வழிகள்

முதல் உலகப் போரின் வரலாற்றைக் கொண்டு, நாடுகள் பெரும்போருக்குள் வரும் வழிகளை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, கூட்டணிக் கடப்பாடு. 1914 சூலை 28இல் ஆஸ்திரியா-அங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது. ஒருவாரக் காலத்திற்குள் ருசியா, செருமனி, பிரான்சு, பிரிட்டன் ஆகியன அடுத்தடுத்துப் போரில் இறங்கின. இரண்டாவது, தாக்குதல். நடுநிலை நாடாகிய பெல்ஜியம் தன் மண்ணில் செருமானியப் படை நுழைந்தமையால் போருக்குள் வந்தது. மூன்றாவது, பயன் கருதிச் சேர்தல். 1915இல் இத்தாலி, தனக்கு நிலம் தருவதாக உறுதியளித்த இலண்டன் மறை உடன்படிக்கையின் அடிப்படையில் நேசநாடுகளுடன் சேர்ந்தது. வணிகக் கப்பல்களை நீர்மூழ்கிகள் தாக்கியமையும் செருமனி மெக்சிகோவுடன் கூட்டு நாடியமையும் 1917இல் அமெரிக்காவைப் போருக்குள் கொணர்ந்தன. இதில் தாக்குதலும் பயனும் கலந்துள்ளன.

நான்காவது வழி, ஆட்சி உரிமையின்மை. 1914 ஆகஸ்டு 4இல் பிரிட்டன் போர் அறிவித்தவுடன் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகள் அனைத்தும் தாமாகவே போரில் ஈடுபட்டனவாகக் கருதப்பட்டன. அப்போரில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து பணியாற்றினர். அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில் ‘எம்டன்’ என்னும் செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கலன்களைச் சுட்டு எரித்தது. அக்கப்பலின் பெயர் வல்லாளன், எத்தன் என்னும் பொருள்களில் தமிழ்ப் பேச்சுவழக்கில் இன்றும் வழங்குகிறது. தாம் தொடங்காத போர் தம் கரைக்கு வந்து சேர்ந்த அனுபவத்தை மக்கள் மொழி இவ்வாறு பதிவுசெய்துகொண்டது எனலாம்.

ஒரே முடி, வேறுவேறு விடைகள்

1939ஆம் ஆண்டிற்குள் நிலைமை மாறியிருந்தது. தன்னாட்சி பெற்ற குடியேற்ற நாடுகள் பிரிட்டிஷ் முடியரசின் கீழ் இருந்துகொண்டே தத்தம் முடிவை எடுக்கத்தக்க நிலையை அடைந்திருந்தன. செப்டம்பர் 3இல் பிரிட்டன் போர் அறிவித்தபோது அவை அளித்த விடைகள் ஒப்புநோக்கத்தக்கவை. பிரிட்டன் போரில் இருப்பதால் ஆஸ்திரேலியாவும் போரில் உள்ளது என அந்நாட்டுப் பிரதமர் மென்சீசு அன்றே அறிவித்தார். நியூசிலாந்தும் உடன் சேர்ந்தது. கனடா தன் நாடாளுமன்றத்தைக் கூட்டி, அதன் ஒப்புதலுக்குப் பின் செப்டம்பர் 10இல் போர் அறிவித்தது. தென்னாப்பிரிக்காவில் பிரதமர் எர்ட்சாக் நடுநிலையை முன்மொழிந்தார். அது 67க்கு 80 என்னும் வாக்குகளில் தோற்றது. அவர் பதவி விலக, சுமட்சு பிரதமராகிப் போர் அறிவித்தார். கறுப்பின மக்கள் உறுப்பினராக அமர இடமில்லாத மன்றம் அது என்பதும் உடன் கருதத்தக்கது. அயர்லாந்து போர் முடியும்வரை நடுநிலை வகித்தது.

ஒரே முடியரசின் கீழ் உடன்பாடு, வாக்கெடுப்பு, மறுப்பு என மூவகை விடைகளுக்கும் இடமிருந்தது. இந்தியாவுக்கு மட்டும் விடையளிக்கும் வாய்ப்பே வழங்கப்படவில்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி வழங்கியிருப்பினும், பாதுகாப்பு, வெளியுறவு ஆகிய துறைகளைத் தலைமை ஆளுநரின் தனிப்பொறுப்பிலேயே வைத்திருந்தது. ஆகவே லின்லித்கோவின் செயல் சட்டத்திற்கு மாறானதன்று. சட்டப்படி சரியானதும் மக்கள் ஒப்புதல் அற்றதுமாகிய ஒரு முடிவு என்பதிலேயே அதன் வரலாற்று முதன்மை அடங்கியுள்ளது.

அறிவிப்புக்கு முன்பே தொடங்கிய போர்

ஒரு நாடு போருக்குள் வரும் நாள் அறிவிப்பு நாளே என்னும் கருத்து ஆராயத்தக்கது. 1939 ஆகஸ்டு மாதத்திலேயே இந்தியப் படைப்பிரிவுகள் எகிப்துக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. ஆகஸ்டு 11இல் வார்தாவில் கூடிய காங்கிரசுச் செயற்குழு இதனைக் கண்டித்தது. மத்தியச் சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தைப் புறக்கணிக்குமாறு தன் உறுப்பினர்களைப் பணித்தது. அதாவது, போர் அறிவிப்புக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே படை நகர்ந்துவிட்டது, எதிர்ப்பும் பதிவாகிவிட்டது. செப்டம்பர் 3ஆம் நாள் அறிவிப்பு முன்னரே நிகழ்ந்துகொண்டிருந்த ஒன்றிற்குச் சட்ட வடிவம் கொடுத்தது எனக் கொள்வதே பொருந்தும்.

செப்டம்பர் 14இல் காங்கிரசுச் செயற்குழு பிரிட்டனின் போர் நோக்கங்களை வெளிப்படையாகக் கூறுமாறு கோரியது. குடியாட்சிக்காகவே இப்போர் எனின், அக்குடியாட்சி இந்தியாவுக்கும் உண்டா என்பதே அக்கோரிக்கையின் உட்பொருள். அக்டோபர் 17இல் வெளிவந்த லின்லித்கோவின் மறுமொழி, போருக்குப் பின் கலந்துபேசலாம் என்னும் அளவிலேயே அமைந்தது. அக்டோபர் 22இல் செயற்குழு காங்கிரசு அமைச்சரவைகளைப் பதவி விலகுமாறு பணித்தது. சென்னையில் இராசாசியின் அமைச்சரவையும், பம்பாயில் பி.ஜி. கெரின் அமைச்சரவையும் உட்பட எட்டு மாகாணங்களின் அமைச்சரவைகள் விலகின. கேளாமல் எடுக்கப்பட்ட ஒரு முடிவு, இரண்டே மாதங்களில் நாட்டின் பெரும்பகுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சியை இல்லாமல் செய்தது.

பம்பாயின் மறுமொழி

தலைவர்களின் தீர்மானங்களுக்கு இணையாகத் தொழிலாளர்களின் மறுமொழியும் பம்பாயில் எழுந்தது. 1939 அக்டோபர் 2ஆம் நாள் போரை எதிர்த்து ஏறத்தாழ 90,000 தொழிலாளர் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வுக்காக அன்றிப் போர் என்னும் அரசியல் முடிவை எதிர்த்தே அது நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. 1940 மார்ச்சில் போர்க்கால விலையேற்றத்தை ஈடுசெய்யும் பஞ்சப்படி கோரி ஆலைத் தொழிலாளர் பெருமளவில் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். போர் அரசியல் வினாவாக வந்து, சில மாதங்களில் அடுப்படி வினாவாக மாறியதை இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

எனினும் நாடு ஒரே குரலில் பேசியது எனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. காங்கிரசு அமைச்சரவைகள் விலகியதை 1939 டிசம்பர் 22இல் முசுலீம் லீக் மீட்பு நாளாகக் கொண்டாடியது. பம்பாயில் நடந்த அந்நாள் கூட்டத்தில் ஜின்னாவுடன் அம்பேத்கரும் உரையாற்றினார். 1940 சனவரியில் பம்பாய் வந்த பெரியார், இவ்விருவரையும் சந்தித்தார். தங்களைக் கேளாமல் நாடு போருக்குள் கொண்டுசெல்லப்பட்டது எனக் காங்கிரசு முறையிட்டது. நாட்டின் பெயரால் பேசும் காங்கிரசு தங்களைக் கேட்டதா என்பது இவர்களின் வினா. 1941 சூனில் செருமனி சோவியத் ஒன்றியத்தைத் தாக்கிய பின், அதுவரை போரை எதிர்த்த பொதுவுடைமைக் கட்சியினர் அதனை மக்கள் போர் என ஏற்றனர். ஒரு நாட்டின் போர் முடிவைக் குறித்து ‘நாடு’ என்னும் சொல் யாரைக் குறிக்கிறது என்னும் சிக்கல் இங்கு வெளிப்படுகிறது.

1941 டிசம்பரில் சப்பான் போரில் இறங்கியதும் நிலைமை மாறியது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச்சில் இரங்கூனும் வீழ்ந்தன. ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களில் குண்டுகள் விழுந்தன. சென்னை அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. ஆட்சி உரிமையின்மையால் போருக்குள் வந்த நாடு, இப்போது தாக்குதல் என்னும் வழியாலும் போருக்குள் வந்தது. மார்ச்சில் வந்த கிரிப்சு தூதுக்குழுவின் பேச்சு, போர்க்காலத்தில் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு யாரிடம் இருப்பது என்பதிலேயே பெரிதும் முறிந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் எழுந்த அதே வினா அது. இறுதியில், பம்பாய் கோவாலியா குளத் திடலில் 1942 ஆகஸ்டு 8ஆம் நாள் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியற்காலையில் காந்தியடிகள் உள்ளிட்ட தலைவர்கள் கைதாயினர்.

இருப்புப்பாதையும் துறைமுகமும்: குர்லாவின் இடம்

அரசியல் தீர்மானங்கள் நகரின் தென்பகுதித் திடல்களில் நிறைவேறின. போரோ நகரின் பாதைகள் வழியே இயங்கியது. குர்லா அக்காலத்தில் பம்பாய் நகராட்சி எல்லைக்குப் புறத்தே இருந்த ஊர். 1950இல்தான் நகராட்சி எல்லைக்குள் வந்தது. ஆயினும் போக்குவரத்தைப் பொறுத்தவரை அது நகரின் கழுத்து போன்றது. 1853இல் தொடங்கிய முதல் இருப்புப்பாதை குர்லா வழியே தாணேக்குச் சென்றது. துறைமுகக் கிளைப்பாதை 1910இல் குர்லாவிலிருந்து ரே சாலை வரை இடப்பட்டது. இந்தியாவின் முதல் மின்தொடர்வண்டி 1925 பிப்ரவரி 3இல் விக்டோரியா முனையத்திலிருந்து குர்லா வரை ஓடியது. தமிழகத்திலிருந்து இராய்ச்சூர், புனா வழியாக வந்த தொடர்வண்டிகளும் இப்பாதையிலேயே நகருக்குள் நுழைந்தன. தாராவி, மாதுங்கா, செம்பூர், குர்லா ஆகிய பகுதிகளில் தமிழர் குடியேற்றம் பெருகியமைக்கு இப்பாதையும் ஒரு காரணமாகும்.

பிழைப்புத் தேடி மக்கள் வந்த பாதையும் போருக்குப் படையும் பொருளும் சென்ற பாதையும் ஒன்றே. தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேரைக் கொண்டிருந்த இந்தியப் படை, போரின் முடிவில் 25 இலட்சமாகப் பெருகியது. 87,000க்கும் மேற்பட்ட வீரர் உயிரிழந்தனர். வெளிநாடுகளில் நடந்த போருக்கான செலவில் பெரும்பகுதியைப் பின்னர்த் தருவதாகப் பிரிட்டன் ஏற்றது. அக்கடன் இலண்டனில் கணக்கில் ஏற, இங்குப் பணத்தாள் அச்சிடப்பட்டது, விலைவாசி உயர்ந்தது. இக்காரணமும் சேர்ந்து விளைந்த 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் மாண்டோர் தொகை முப்பது இலட்சம் வரை மதிப்பிடப்படுகிறது.

தொழில்துறையிலும் போரின் தேவையே எது வளரலாம், எது காத்திருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்தது. தொழில் முனைவர் வால்சந்து ஈராசந்து வானூர்தித் தொழிற்சாலை, தானுந்துத் தொழிற்சாலை ஆகிய இரண்டையும் நிறுவ முனைந்தார். போருக்கு வேண்டிய வானூர்தித் தொழிற்சாலை 1940இல் மைசூர் அரசின் துணையுடன் பெங்களூரில் உருவாயிற்று. தானுந்துத் தொழிற்சாலைக்கு அரசின் ஆதரவு கிட்டவில்லை. 1944இல் அவர் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்சு நிறுவனத்தின் தொழிற்சாலை போருக்குப் பின்னரே குர்லாவில் இயங்கத் தொடங்கியது.

போர் பம்பாயை நேரடியாகத் தாக்கியது பகைவர் கையால் அன்று. 1944 ஏப்ரல் 14ஆம் நாள் மாலை நான்கு மணியளவில், விக்டோரியா கப்பல்துறையில் நின்ற ‘போர்ட் இசுடிகின்’ என்னும் சரக்குக் கப்பல் தீப்பற்றி இருமுறை வெடித்தது. ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளுடன் கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் அக்கப்பலில் இருந்தன. பஞ்சும் வெடிமருந்தும் ஒரே கலத்தில் ஏற்றப்பட்டமை போர்க்கால நெருக்கடியின் விளைவு. இறந்தோர் தொகை எண்ணூறு முதல் ஆயிரத்து முந்நூறு வரை பலவாறாகக் கூறப்படுகிறது. பல்லாயிரம் பேர் வீடிழந்தனர். தீயணைக்கச் சென்று மாண்ட வீரர்களின் நினைவாக ஏப்ரல் 14 முதல் தீத்தடுப்பு வாரம் இந்தியாவில் இன்றும் கடைப்பிடிக்கப்படுகிறது.

மறுபக்கத்து அறிவிப்பு

இந்தியாவின் பெயரால் மற்றொரு போர் அறிவிப்பும் வெளிவந்தது. 1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் சுபாசு சந்திரபோசு தற்காலிகச் சுதந்திர இந்திய அரசை நிறுவினார். அவ்வரசு இரண்டொரு நாளில் பிரிட்டன் மீதும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தது. மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். கேப்டன் இலட்சுமி தலைமையேற்ற ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத் தமிழ்ப் பெண்கள் இடம்பெற்றனர். அதே தோட்டங்களிலிருந்து சப்பானியரால் சயாம்-பர்மா இருப்புப்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கேயே மாண்டனர். ஒருவர் விரும்பிப் போருக்குள் செல்ல, அவருடைய உடன்பிறந்தார் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருக்க, அண்டை வீட்டார் சயாமில் மடிய நேர்ந்த காலம் அது. ஒரு நாட்டின் பெயரால் எதிரெதிர்த் திசைகளில் இரு போர் அறிவிப்புகள் எழுந்தமை, அந்நாட்டு மக்களின் ஒப்புதலைப் பெறும் முறை எதுவும் அன்று இல்லாமையின் விளைவாகும்.

எஞ்சிய வினா

1946 பிப்ரவரி 18இல் பம்பாயின் ‘தல்வார்’ கடற்படைத் தளத்தில் தொடங்கிய கடற்படையினர் கிளர்ச்சியை இவ்வரலாற்றின் தொடர்ச்சியாகவே கொள்ளலாம். போருக்காகத் திரட்டப்பட்டவர்களே ஆட்சிக்கு எதிராகத் திரும்பினர். அவர்களுக்கு ஆதரவாக நகரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். துப்பாக்கிச் சூட்டில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது.

விடுதலை இந்தியாவின் அரசமைப்பு, ‘போரும் அமைதியும்’ என்பதை ஒன்றியப் பட்டியலில் வைத்துள்ளது. உலக அமைதியைப் பேணுதலை 51ஆம் உறுப்பு அரசின் நெறியாகக் கூறுகிறது. போர் காரணமாக வெளியிடப்படும் நெருக்கடி நிலை அறிவிப்புக்கு நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என 352ஆம் உறுப்பு விதிக்கிறது. ஆனால் போர் தொடங்குவதற்கு முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்னும் வெளிப்படையான விதி அதில் இல்லை. 1962இல் சீனப் படையெடுப்பு அக்டோபர் 20இல் நிகழ்ந்தது; மக்களவை அதனை விவாதித்துத் தீர்மானம் நிறைவேற்றியது நவம்பரில். திடீர்த் தாக்குதலின்போது இது தவிர்க்க இயலாதது எனலாம். 1939ஆம் ஆண்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னது மக்கள் தேர்ந்தெடுத்த, அவர்களால் நீக்கப்படத்தக்க அரசு. ஆயினும் போர்முடிவில் மக்கள் மன்றத்தின் இடம் எது, அது முன்னதா பின்னதா என்னும் வினா முற்றும் தீர்ந்துவிடவில்லை.

முடிவுரை

நாடுகள் கூட்டணியாலும், தாக்குதலாலும், பயன் கருதியும், ஆட்சி உரிமையின்மையாலும் பெரும்போருக்குள் வருகின்றன. இந்தியா இரண்டாம் உலகப் போரில் நான்காம் வழியால் நுழைந்து, பின்னர் இரண்டாம் வழியாலும் அதனுள் ஆழ்ந்தது.

போருக்குள் வருதல் ஒருநாள் நிகழ்வன்று. படை நகர்வு, இருப்புப்பாதை, துறைமுகம், பணத்தாள் ஆகியவற்றின் வழியே அது முன்பே தொடங்கி, அறிவிப்புக்குப் பின்னும் தொடர்கிறது. குர்லா வழியே சென்ற பாதையும் விக்டோரியா கப்பல்துறையும் இதற்குச் சான்றாகின்றன.

ஒப்புதல் கேட்கப்படாமை போரைத் தடுக்கவில்லை. ஆனால் அது போரைவிட நீடித்த விளைவுகளைத் தந்தது. அமைச்சரவைகளின் விலகல், தொழிலாளர் வேலைநிறுத்தம், 1942 ஆகஸ்டுத் தீர்மானம், கடற்படைக் கிளர்ச்சி ஆகியவற்றின் அடியில் ஒரே வினா இயங்கியது. தலையாலங்கானத்துக் குடிகளின் விருப்பத்தை எவரும் கேட்டதாகப் பாடல்களில் செய்தி இல்லை. பம்பாயின் மக்கள் தம்மைக் கேட்க வேண்டும் என்று தாமே கோரினர். புறப்பாடல்கள் காட்டும் போருக்கும் இருபதாம் நூற்றாண்டுப் போருக்கும் இடையிலான வேறுபாடுகளுள், படைக்கலப் பெருக்கத்தைவிட இக்கோரிக்கையே முதன்மையானது எனக் கொள்ளலாம்.